நெடுநாள் நின்ற பழைய வேனை வாங்குமுன்



கோலகுபு பாருவிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குப் போகும் பழைய பெருஞ்சாலையில் இருக்கிறது நம் கெர்லிங். அந்தச் சாலையை விட்டுத் தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பினால், லயத்துக்குப் பின்னாலும் வாழை மரத்தடியிலும் பழைய வேன்கள் நிற்பதைக் காணலாம். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியவை சில. பசார் மாலாமுக்குக் காய்கறி சுமந்தவை சில. தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு பத்துமலைக்குப் போய், இரவில் பாய் விரித்துப் படுக்கும் வீடாகவே இருந்தவையும் உண்டு. இன்று சக்கரத்தில் கொடி படர்ந்து நிற்கின்றன. "சும்மாதான் நின்றது, ஓடவே இல்லை, புதுசு மாதிரி" என்று சொல்லி விற்பார்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் யார்? ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, இனிக் குலை வெட்டப் போகாமல் சொந்தமாக ஒரு சிறு வியாபாரம் செய்யலாம் என்று நினைக்கும் நம் தோட்டத்து மனிதர்தாம். முப்பது ஆண்டு உழைப்பு ஒரே மாலைப் பொழுதில் கைமாறிவிடுகிறது. அப்படிக் கைமாறுவதற்கு முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று இன்று பேசுவோம்.

நிற்கும் வண்டி ஓய்வெடுத்துக்கொள்வதில்லை. பூட்டிக் கிடக்கும் லயத்து வீடு, ஆள் குடியிருக்கும் வீட்டைவிட விரைவாகப் பாழாவதை நாம் பார்த்திருக்கிறோம். வண்டியும் அப்படித்தான். ஓடும்போது எண்ணெய் எல்லாப் பாகங்களுக்கும் போய்ச் சேருகிறது. எஞ்சின் சூடு ஈரத்தை விரட்டுகிறது. நின்றுவிட்டால் எண்ணெய் வடிந்து கீழே இறங்கும், ஈரம் ஏறும். நம் வட்டாரமோ மலையடிவாரம், மழைக்குக் குறைவில்லை. ஆகவே மீட்டர் காட்டும் குறைந்த கிலோமீட்டரைக் கண்டு மகிழ வேண்டாம். எத்தனை மழைக்காலம் நின்றது என்று கேட்க வேண்டும்.

நம்மவர்கள் முதலில் டயரை உதைத்துப் பார்க்கிறார்கள். கிராண்டைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். இது தலைகீழான முறை. துருப்பிடித்த தகட்டை வெட்டி வேறு தகடு ஒட்டலாம். பெயர் மாற்ற முடியாத வண்டியை என்ன செய்வது? கிராண்டில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். "மாமா வண்டி, நம்ம ஆள்தான்" என்ற பேச்சு உதவாது. வண்டி பல ஆண்டு நின்றதற்கு உரிமையாளர் இறந்துபோனதே காரணமாகவும் இருக்கும். அவருடைய மனைவி நல்ல மனத்தோடுதான் விற்க வருவார். ஆனாலும் அமானா ராயா வழியாகவோ நீதிமன்றத்தின் வழியாகவோ வாரிசு என்ற அதிகாரம் முறையாகக் கிடைத்த பிறகே அவர் பெயரை மாற்றித் தர முடியும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. அந்த அம்மாளுக்கு இந்த வழியைச் சொல்லிக் கொடுப்பதும் உதவிதான்.

வங்கிக் கடன் முடிந்திருந்தாலும், வங்கியின் உரிமைக் குறிப்பு பதிவிலிருந்து நீக்கப்படாமல் இருந்தால் பெயர் மாறாது. "மீதித் தவணையை நீங்கள் கட்டுங்கள்" என்னும் சம்போங் பாயார் முறைக்கு இடமே கொடுக்க வேண்டாம். தவணை நம்முடையது, வண்டி இன்னொருவருடையது என்று ஆகிவிடும். பழைய சம்மன்கள் கட்டப்படாமல் வண்டி கறுப்புப் பட்டியலில் இருக்கலாம். உரிமையாளரையே உடன் அழைத்துக்கொண்டு சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் போனால் எல்லாம் தெரிந்துவிடும். பல ஆண்டு சாலைவரி கட்டாத வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர என்ன சோதனை, என்ன செலவு என்பதையும் அங்கேயே கேட்கலாம். 2023 முதல் தனியார் வாகனங்களில் சாலைவரி வில்லையை ஒட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்ணாடியைப் பார்த்து முடிவு செய்யாமல், மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். கைப்பேசி பழகிய பிள்ளையை அழைத்துப் போவது நல்லது.

எஞ்சின் எண், அடிச்சட்ட எண் இரண்டும் கிராண்டோடு ஒத்திருக்க வேண்டும். 1994 முதல் வாகனங்களைச் சோதித்துவரும் புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில், பெயர் மாற்றத்தின்போது இந்த எண்களைப் பார்ப்பார்கள். துரு மூடியிருக்கிறது என்று எண்ணின்மேல் அரத்தை வைத்துத் தேய்த்துவிட வேண்டாம். எண்ணை மாற்றியதாகச் சந்தேகம் வரும். எண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். சன்னல் வெட்டியது, இருக்கை கூட்டியது, உள்ளே கட்டில் அடித்தது போன்ற மாற்றங்கள் அனுமதியோடு செய்யப்பட்டனவா என்றும் கேட்க வேண்டும்.

இனி வண்டிக்கு வருவோம். மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் போக வேண்டும். ஒழுகல் அப்போதுதான் தெரியும். ஒரு கைவிளக்கு, ஒரு திருப்புளி, துணியில் சுற்றிய சிறு காந்தம், இவை போதும். காந்தம் தகட்டில் ஒட்டும். துருவை மறைக்கப் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்த இடத்தில் ஒட்டாது. கால்விரிப்பைத் தூக்கி, தரையைத் திருப்புளியால் அழுத்திப் பார்க்க வேண்டும். கதவுக்கு அடியிலும் சக்கர வளைவிலும் கூரையின் தண்ணீர் வாய்க்காலிலும் துரு அதிகம் இருக்கும். அடிச்சட்டமே உளுத்திருந்தால் அதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

தரையில் ஓட்டை இருந்தால் என்ன, ஒரு பலகையைப் போட்டு மூடலாமே என்பார் சிலர். நிற்கும் வண்டியில் புகைக்குழாயும் துருப்பிடிக்கும். குழாயின் ஓட்டை வழியே வெளிவரும் புகை, தரையின் ஓட்டை வழியே உள்ளே வரும். நம் பக்கம் இன்றும் காணக்கூடிய பழைய நிஸான் வானெட் போன்ற வேன்களில் எஞ்சினே முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அதன் மூடியின் ரப்பர் போயிருந்தாலும் அதே கதைதான். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பின்னால் உட்கார்ந்த பிள்ளைகள் தலைவலி என்பார்கள், வாந்தி என்பார்கள், பிறகு தூங்கிவிடுவார்கள். பயணக் களைப்பு என்று நாம் நினைத்துக்கொள்வோம். அதனால் எஞ்சினை ஓடவிட்டு, வண்டிக்கு அடியில் படபடவென்று சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். ஓட்டை இல்லாத வண்டியிலும் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு உள்ளே படுத்துத் தூங்கக் கூடாது.

எஞ்சினைப் போனவுடன் முடுக்கிப் பார்ப்பது தவறு. முதலில் எண்ணெய்க் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும்; பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஃபோர்மேன் ஒருவரைக் கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்து, அது சுற்றினால்தான் பேட்டரியை மாட்ட வேண்டும். எலி கடித்த ஒயர் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. விற்பவர் நாம் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், "நாளைக் காலையில் வருகிறோம்" என்று சொல்லிவிடலாம். நீலப் புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது என்று சந்தேகிக்கலாம்.

டீசல் வண்டிக்கு இன்னொரு தொல்லை உண்டு. இந்நாட்டில் 2019 முதல் வாகன டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் கலக்கப்படுகிறது. நாம் வெட்டும் குலைதான் அங்கே போகிறது! ஓடும் வண்டிக்கு அதனால் குறையில்லை. ஆனால் அது ஈரத்தை எளிதில் ஏற்கும். பல மாதம் நின்றால் தொட்டியில் நுண்ணுயிர் வளர்ந்து சகதி உண்டாகும். பழைய டீசலை இறக்கி, தொட்டியைக் கழுவிய பிறகே முடுக்க வேண்டும்.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ தேயாமல் இருந்தாலும் பத்து வயதான டயரை நம்பக் கூடாது. எஞ்சின் பெல்ட்டும் பிரேக் ரப்பரும் அப்படியே. பிரேக்கை மிதித்து முப்பது எண்ணும்வரை காலை எடுக்காமல் இருங்கள். மிதி மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது.

சாலைவரியும் காப்புறுதியும் இல்லாத வண்டியைச் சோதனைக்காகக்கூடப் பெருஞ்சாலையில் ஓட்டக் கூடாது. இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு போகலாம். கூலிக்குப் பிள்ளைகளை ஏற்ற நினைப்பவர்கள் அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பதை விலை பேசுமுன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். உள்ளே சமையல் செய்து விற்க நினைப்பவர்கள், பழைய கேஸ் குழாயையும் ஒயரையும் அப்படியே பயன்படுத்தாமல் புதிதாக மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஃபோர்மேனைக் கொண்டு மாற்ற வேண்டிய பொருள்களின் பட்டியலை எழுதி வாங்கி, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேச வேண்டும். முன்பணம் கொடுப்பதானால் வண்டி எண், இருவர் பெயர், கொடுத்த வெள்ளி, பெயர் மாற வேண்டிய நாள், மாறாவிட்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனை ஆகியவற்றை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தடுமாறுகிறவர்கள் தோட்டப் பள்ளிக்கு வரலாம், எழுதித் தருகிறோம்.