சுவரிலிருந்து தாளுக்கு: மிதிலை ஓவியமும் உழைக்கும் பெண்களும்

(கட்சியின் பண்பாட்டுப் பயிலரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2025 பிப்ரவரி முதல் நாள், ஒன்றிய நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்யச் சென்றபோது உடுத்தியிருந்த சேலையைப் பற்றி நாளேடுகள் விரிவாக எழுதின. வெளிர் நிறச் சேலை. அதில் மிதிலை மரபில் அமைந்த மீன்கள். வரைந்தவர் பீகாரின் மதுபனியை அடுத்த ராண்ட்டி கிராமத்துத் துலாரி தேவி. அன்றைய உரையிலேயே பீகாருக்கு ஒரு மக்கானா வாரியமும் அறிவிக்கப்பட்டது. நம் ஊர்க் கடைகளில் தாமரை விதை என்ற பெயரில் விற்கப்படுகிறதே, அதுதான் மக்கானா. மிதிலையின் குளங்களில் மூழ்கி, அடிச்சேற்றிலிருந்து அந்த விதையைத் திரட்டி எடுப்போர் பெரும்பாலும் மல்லா எனப்படும் மீனவச் சாதியினர். துலாரி தேவியும் அச்சாதியில் பிறந்தவரே. சேலை பேசப்பட்ட அளவுக்கு இந்த உறவு பேசப்படவில்லை.

ஒரு வட்டாரத்தின் கலையைப் பற்றிப் பேசப் புகுவோர் அதன் அழகில் தொடங்கித் தொன்மையில் முடிப்பது வழக்கம். மிதிலையைப் பொறுத்தவரை அது மிக எளிது. சீதை பிறந்த நாடு என்பார்கள். வித்யாபதி பாடிய மண் என்பார்கள். அவை இருக்கட்டும். யார் வரைகிறார், யாருக்காக வரைகிறார், எதை வரைவது என்பதை யார் முடிவு செய்கிறார், விலையை யார் வைக்கிறார் என்ற கேள்விகளோடு மிதிலைக்குள் நுழைந்தால் வேறொரு வரலாறு கண்ணில் படும். அது இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றையும் தொட்டுச் செல்கிறது.

கங்கைக்கு வடக்கே பரந்து கிடக்கும் சமவெளி மிதிலை. கோசியும் கமலாவும் வெள்ளத்தால் அழிப்பதும் வண்டலால் வளர்ப்பதுமான நிலம். தர்பங்கா ஜமீனின் ஆதிக்கத்தில் குத்தகை விவசாயிகள் நசுங்கிக் கிடந்த நிலம். 1929இல் சுவாமி சகஜானந்தர் பீகாரில் விவசாயிகள் சங்கத்தை அமைத்தபோது இந்த வட்டாரமும் கிளர்ந்தெழுந்தது. மைதிலியில் ‘யாத்ரி’ என்றும் இந்தியில் ‘நாகார்ஜுன்’ என்றும் அறியப்பட்ட கவிஞர் இம்மண்ணின் பிள்ளை. பண்ணையில் வேலை செய்யும் சிறுவன் ஒருவன் விவசாயிகள் இயக்கத்தை வந்தடையும் கதையை அவர் ‘பல்சன்மா’ நாவலில் எழுதினார். கம்யூனிஸ்ட் தலைவர் போகேந்திர ஜா இப்பகுதியிலிருந்து ஐந்து முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1996இல் மதுபனியில் வென்ற சதுரானன் மிஸ்ரா ஐக்கிய முன்னணி ஆட்சியில் வேளாண் அமைச்சரானார். செங்கொடிக்கு இங்கே ஆழமான வேர் உண்டு என்பதற்காகவே இவற்றைச் சொல்ல வேண்டியுள்ளது.

அந்தச் செங்கொடி பறந்த அதே ஊர்களின் வீடுகளுக்குள்ளே, வெளியார் கண்ணுக்குப் படாமல் ஒரு கலை வளர்ந்துகொண்டிருந்தது. திருமணத்தின்போது மணமக்களுக்கென ஒதுக்கப்படும் அறைக்குக் கோஹ்பர் என்று பெயர். அதன் சுவரில் வீட்டுப் பெண்கள் மூங்கில், தாமரை, மீன், ஆமை, கிளி, சூரிய சந்திரர், சிவன், கௌரி ஆகிய உருவங்களைத் தீட்டுவார்கள். தரையில் அரிசி மாவுக் கரைசலால் இடும் கோலத்துக்கு அரிபன் என்று பெயர்; தமிழ் வாசலுக்கு அது அந்நியமன்று. விளக்குக் கரியும் மஞ்சளும் அவுரியுமே வண்ணங்கள். மூங்கில் குச்சியின் நுனியில் துணியையோ பஞ்சையோ சுற்றினால் அதுதான் தூரிகை. தாயிடமிருந்து மகள் கற்றாள். கூலி என்ற பேச்சே கிடையாது; பெயர் எழுதும் வழக்கமும் கிடையாது. மழையில் சுவர் கரைந்தால் அடுத்த திருமணத்துக்குப் புதிதாக வரைந்துகொள்வார்கள்.

1934 ஜனவரி 15 அன்று நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் மதுபனி வட்டாரத்து வீடுகள் பிளந்தன. சேதத்தைப் பார்வையிட வந்த ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஆர்ச்சர், இடிந்த சுவர்களின் வழியே உள்ளறை ஓவியங்களைக் கண்டார். அவற்றைப் புகைப்படம் எடுத்து, 1949இல் ‘மார்க்’ இதழில் கட்டுரையாக எழுதினார். நூல்கள் இதனை மிதிலை ஓவியம் ‘கண்டுபிடிக்கப்பட்ட’ நிகழ்வு என்று குறிக்கின்றன. தலைமுறை தலைமுறையாக வரைந்து வந்த பெண்களுக்கு இச்சொல் வேடிக்கையாகத்தான் ஒலித்திருக்கும்.

உண்மையான திருப்பம் 1966இல் நேர்ந்தது. மழை பொய்த்தது. பீகார் கடும் வறட்சியில் சிக்கியது. 1967இல் மாநிலத்தின் சில பகுதிகளில் பஞ்சம் என்று அரசே அறிவிக்க நேர்ந்தது. நிவாரணத்துக்கு வழி தேடிய அகில இந்தியக் கைவினை வாரியம், புபுல் ஜெயகரின் முன்முயற்சியில், பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பியது. அவர் பெண்களிடம் தாளைக் கொடுத்து, சுவரில் வரைவதை இதில் வரையுங்கள் என்றார். வரைந்ததற்குப் பணம் கிடைத்தது. வேறொரு மாவட்டத்தில் சாலையில் மண் சுமந்தவருக்கும், ஜித்வார்பூரில் தாளில் கோடிழுத்த பெண்ணுக்கும் அன்று நிகழ்ந்தது ஒன்றே: பஞ்ச காலத்துக் கூலி வேலை.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். 1943 வங்கப் பஞ்சத்தின்போது கட்சி ஓவியர் சித்தப்பிரசாத் மிதுனபுரி மாவட்டத்தில் அலைந்து திரிந்து, எலும்பும் தோலுமான மனிதர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். கட்சி ஏட்டில் அவை வெளிவந்தன. அவருடைய ‘பசித்த வங்காளம்’ நூலின் படிகளை ஆங்கில ஆட்சி பறித்து எரித்தது. அங்கே பசியைக் கண்டவர் பசியை வரைந்தார். 1966இல் மதுபனியிலோ பசித்திருந்தவர்களின் கையிலேயே தூரிகை இருந்தது. ஆனால் தாளில் இறங்கியவை திருமண அறையின் தாமரையும் மீனும். பஞ்சம் அங்கே இல்லை. பெண்களுக்குப் பஞ்சம் தெரியாதா? தெரியும். வாங்குவோர் கேட்டது கோஹ்பர். ஆகவே கோஹ்பர் வரையப்பட்டது. எதை வரைவது என்ற முடிவு, தாள் வந்த அன்றே வரைபவர் கையைவிட்டு வாங்குபவர் கைக்கு நகர்ந்தது. மிதிலை ஓவியத்தின் பிற்காலப் போராட்டமெல்லாம் அந்த முடிவை மீட்டெடுக்கும் போராட்டம் என்று சொன்னால் மிகையாகாது.

மீட்டெடுப்பில் முன்னே வந்தவர்கள் தலித் பெண்கள். தொடக்கத்தில் புகழ்பெற்ற ஓவியர்கள் பெரும்பாலும் பிராமண, காயஸ்த வீட்டுப் பெண்களே. வண்ணம் நிரப்பும் ‘பர்ணி’ முன்னவரின் பாணி, மெல்லிய கோடுகளால் ஆன ‘கச்னி’ பின்னவரின் பாணி என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அதே ஊர்களின் ஓரங்களில் வாழ்ந்த துசாத், சமார் சாதிப் பெண்களுக்கு அந்தத் திருமண அறைகளின் தெய்வங்கள் உரியவை அல்ல. 1970களில் எரிகா மோசர் என்ற ஜெர்மானிய மானுடவியலாளர் அவர்களை வரையத் தூண்டியபோது, அவர்கள் தங்கள் உடம்பையே மாதிரியாகக் கொண்டார்கள். கையிலும் காலிலும் குத்திய பச்சையின் புள்ளிகளும் வளையங்களும் தாளுக்கு வந்தன. ‘கோத்னா’ என்ற பாணி இவ்வாறு பிறந்தது. சானோ தேவி, ஜமுனா தேவி ஆகியோர் இதன் முன்னோடிகள். வெள்ளைத் தாளின் மீது சாணிக் கரைசலைப் பூசி அதன்மேல் வரையும் முறையை ஜமுனா தேவி கொண்டுவந்தார். ராமனும் கிருஷ்ணனும் இருந்த இடத்துக்குத் துசாத் மக்களின் வீரநாயகன் ராஜா சல்ஹேஸ் யானை மீது ஏறி வந்தான். தங்கள் வரலாற்று நாயகனுக்குச் சந்தையில் இடம்பிடித்துக் கொடுத்த இப்பெண்களின் துணிவு, எந்தப் பண்பாட்டுத் தீர்மானத்தையும்விடக் குறைந்ததன்று. ஜகதம்பா தேவிக்கு 1975இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கோத்னா ஓவியர்களான சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதியருக்கு அது 2024இல் வழங்கப்பட்டது. இடையில் ஓடியவை 49 ஆண்டுகள்.

மரபின் உள்ளிருந்தே அதனை உடைத்தவர் கங்கா தேவி. காயஸ்தக் குடும்பத்தவர், கணவரால் ஒதுக்கப்பட்டு வறுமையில் வாழ்ந்தவர். 1985இல் அமெரிக்கா சென்று வந்ததும் அங்கே கண்ட ரோலர் கோஸ்டரை மிதிலைக் கோடுகளில் வரைந்தார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது மருத்துவமனை வாழ்வையே ஒரு வரிசையாகத் தீட்டினார். கோஹ்பர் வரைந்த கை, கட்டிலையும் மருந்தையும் வரைந்தது. நோயின் நடுவே தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் அவர் தீட்டிய கோஹ்பர் அறை 2015இல், சீரமைப்பு வேலையின்போது அழிக்கப்பட்டது. மிதிலை ஓவியத்துக்கென்றே ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் 1982இல் ஓர் அருங்காட்சியகம் தோன்றியது. தலைநகரில் இருந்த சுவரைக் காக்க இங்கே ஆளில்லை.

துலாரி தேவியின் கதைக்குத் திரும்பலாம். எழுதப் படிக்கும் வாய்ப்பு அற்றவர். இளமையில் மணமுடிக்கப்பட்டு, அந்த வாழ்வு நிலைக்காமல் ஊர் திரும்பியவர். ராண்ட்டியில் ஓவியர் மகாசுந்தரி தேவியின் வீட்டில் வீட்டுவேலை செய்தார். பெருக்கியபடியே கவனித்தார், அங்கேயே கற்றார், கர்பூரி தேவியும் கற்பித்தார். அவருடைய வாழ்க்கை, அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, அவரது ஓவியங்களுடன் சென்னையின் தாரா பதிப்பகத்திலிருந்து நூலாக வெளிவந்துள்ளது. அவர் தாளில் மீனவர்கள் வலை வீசுகிறார்கள், பெண்கள் வயலில் வேலை செய்கிறார்கள். 2021இல் பத்மஸ்ரீ வந்தது.

விருது பெற்றவர்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ண முடியாத பல பெண்கள் துண்டுக்கு இவ்வளவு என்று பேசி வரைந்து கொடுக்கிறார்கள். தில்லிக் கடையில் வைக்கும் விலை அவர்களுக்குத் தெரியாது. 2007இல் மதுபனி ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் இயந்திரத்தில் அச்சிட்ட மதுபனிச் சேலைகளும் பைகளும் சந்தையில் தடையின்றிக் குவிகின்றன. 2017 அக்டோபரில் மதுபனி ரயில் நிலையத்தின் சுவர்களை நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் வரைந்து நிரப்பினார்கள். நாடே பாராட்டியது. அவ்வேலைக்கு வைக்கப்பட்ட பெயர் ‘சிரமதானம்’; கூலி கிடையாது. 2023இல் ஒன்றிய அரசு அறிவித்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் ஓவியம் வரைவது இல்லை. 1966இல் தாளைக் கொண்டுவந்து கொடுத்த அகில இந்தியக் கைவினை வாரியம், பிற்காலத்தில் ஆலோசனை அமைப்பாகச் சுருங்கி, 2020 ஆகஸ்டில் கலைக்கப்பட்டது.

இடதுசாரி இயக்கம் தன்னைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். நாடெங்கும் 1970இல் நிலமீட்புப் போராட்டம் நடந்தபோது, உழுபவர் உழைப்பாளி என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. அந்த உழவரின் வீட்டுக்குள் தாள் விரித்து வரைந்த பெண் உழைப்பாளியாகக் கண்ணுக்குத் தெரிந்தாரா? நாட்டார் கலை என்றாலே மேடையில் ஏறிக் கருத்துப் பரப்பும் கருவி என்று எண்ணும் பழக்கம் இயக்கத்துக்கு உண்டு. பாடலும் கூத்தும் அதற்கு இசைந்து கொடுத்தன. வீட்டுக்குள் அமைதியாக வரையும் கலையை என்ன செய்வதென்று தெரியவில்லை போலும்.

ஆனால் என்ன செய்வது என்பதற்கான விடை இயக்கத்தின் கையிலேயே இருக்கிறது. தமிழகத் தோழர்கள் நன்கறிந்த பீடித் தொழிலைப் பாருங்கள். ஒப்பந்தக்காரர் இலையும் தூளும் கொடுப்பார், பெண்கள் வீட்டுத் திண்ணையில் சுற்றுவார்கள், எண்ணி வாங்கிப்போவார். இவர்கள் தொழிலாளர்கள் அல்லர், ஓய்வு நேரத்தில் சுற்றுபவர்கள் என்றே முதலாளிகள் வாதிட்டார்கள். தொழிற்சங்கங்கள் விடவில்லை. வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்ற வரையறைக்குள் கொண்டுவந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது எந்த ஆண்டில் தெரியுமா? 1966. மதுபனியில் தாள் விரிக்கப்பட்ட அதே ஆண்டு.

இலைக்குப் பதில் தாள், தூளுக்குப் பதில் மை. ராண்ட்டியிலும் ஜித்வார்பூரிலும் தாளைக் கொடுத்தவர் யார், தாளுக்குக் கொடுத்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, ஓவியத்தின் மூலையில் வரைந்தவரின் பெயர் இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவதற்கு ஒரு குறிப்பேடு போதும். அந்தக் கணக்கிலிருந்துதான் சங்கம் தொடங்க முடியும்.