உப்புத் தண்ணிக்குக் கீழே

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கடலுக்கடியில உனக்கு என்னடா வேலை? மீன் பிடிக்கிறியா?" என்று காலையில் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் கேட்டான். அவனுக்கான பதில்தான் இந்தப் பேச்சு.

நம்ம கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் தெரிவது தண்ணீர் மட்டும்தான். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதன் மின்தடைத்திறன் சுமார் 0.3 ஓம்-மீட்டர். நீர் ஊறிய அடிமண்ணுக்கு 1 அல்லது 2. எண்ணெயோ வாயுவோ நிரம்பிய மணற்பாறைக்குப் பத்துக்கணக்கில், சில இடங்களில் நூறுக்கும் மேல்.

கப்பலிலிருந்து நீளமான ஆன்டெனாவைக் கடல் தரைக்குச் சற்று மேலே இழுத்துப்போய், குறைந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செலுத்துவோம். தரையில் வைத்த ரிசீவர்கள் பதிவு செய்யும். ஈர மண்ணில் சிக்னல் சீக்கிரம் தேய்ந்துவிடும். தடை மிகுந்த அடுக்கு இருந்தால், அதன் வழியே அதிகம் தேயாமல் தூரத்து ரிசீவருக்கு வந்து சேரும். மின்சாரத்தால் நிலத்தடியைத் துழாவும் வித்தையை 1912-இல் தொடங்கியவர்களுள் ஒருவர் பிரெஞ்சுக்காரரான கான்ராட் ஷ்லம்பர்ஜர். அதன் கடல் வடிவம் 2000-இல் அங்கோலா அருகே எண்ணெய் வயல் ஒன்றின்மேல் சோதிக்கப்பட்டது.

வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். ஆழம் குறைந்த ஒரு பகுதியின் டேட்டா. வேறோர் இடத்து ரிசீவர் அளவால் வகுத்துப் பார்த்தால் கிராஃபில் அழகான ஒரு மேடு! ராத்திரியோடு ராத்திரியாக ரிப்போர்ட் எழுதிவிட்டேன். காலையில் சீனியர் மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "ரெண்டு இடத்துலயும் தண்ணி எவ்வளவு ஆழம் தம்பி?"

ஆழம் வேறு வேறு. சிக்னல் மேலே ஏறி, காற்றில் ஓடி, மறுபடி இறங்கி வந்திருக்கிறது. காற்றைவிட மின்தடை மிகுந்தது எது? நான் கண்டுபிடித்தது காற்றை! அதை நம்பித் துளையிட்டிருந்தால் கோடிக்கணக்கான ரூபாய் கடலில் போயிருக்கும்.

பெரியவர்களுக்கும் இந்தப் பாடம் உண்டு. 2006-இல் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' கப்பல் துளையிட்டபோது, ஓரிடத்தில் ஏறத்தாழ 130 மீட்டர் கனத்துக்கு மீத்தேன் ஹைட்ரேட் இருந்தது. துளைக்குள் இறக்கிய கருவி மின்தடை மிக அதிகம் என்றது. வழக்கமான சூத்திரத்தில் போட்டால் பெரும் புதையல். ஆனால் அழுத்தம் குறையாமல் எடுத்த மண்மாதிரிகள் காட்டியது அதைவிட மிகக் குறைவு. ஹைட்ரேட் மண் முழுக்கப் பரவியிருக்கவில்லை; செங்குத்தான வெடிப்புகளில் அடைந்திருந்தது. கருவி பொய் சொல்லவில்லை. சூத்திரம் வேறொரு மண்ணை மனதில் வைத்திருந்தது.

மாணவத் தம்பி, தங்கைகளே, மேடு தெரிந்தால் உடனே கை தட்டாதீர்கள். 'வேறு எது இதைச் செய்திருக்கும்?' என்று கேளுங்கள். நம் லேபில் சார் தினமும் சொன்னதும் அதுதானே: "ரீடிங் எழுதுறதுக்கு முன்னாடி கனெக்‌ஷனைப் பாரு."

சார், இப்போ பார்க்கிறேன்.