சோதனைச்சாலைகளின் கூட்டுறவு



உத்தியோகத்தின் பொருட்டோ பிள்ளைகளின் பொருட்டோ தமிழ்நாட்டை விட்டு மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியேறியவர்களின் பயணப் பெட்டியில் சில பொருள்கள் தவறாமல் இடம்பெறும். காப்பிப் பொடி இருக்கும். வடாமும் ஊறுகாயும் இருக்கும். முதியோர் உடன் வருவாராயின், துணிகளுக்கு அடியில் பழுப்பு நிற உறை ஒன்றும் இருக்கும். அவ்வுறைக்குள் இருப்பவை இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள். தஞ்சாவூரில் ஒருவர் எழுதிக் கொடுத்த எண்ணை மும்பையில் இருக்கும் மருத்துவர் எந்தத் துணிவில் நம்பி மருந்து எழுதுகிறார்? இக்கேள்வியை நம்மில் பெரும்பாலோர் எழுப்புவதில்லை. நான் பல ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் சோதனைச்சாலையில் பணியாற்றியவன். எழுப்பாமல் இருக்க எனக்கு இயலவில்லை.

இருதய வால்வு பழுதுற்றுச் செயற்கை வால்வு பொருத்தப்பட்ட ஓர் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். வால்வில் இரத்தம் உறைந்துவிடாதிருக்க அவர் வாழ்நாள் முழுதும் வார்ஃபரின், அசினோகுமரால் போன்ற மாத்திரைகளை உட்கொள்ள வேண்டும். மாத்திரை குறைந்தால் வால்வில் கட்டி உண்டாகும். மிகுந்தால் மூளையிலோ குடலிலோ இரத்தம் கசியும். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. ஆகவே அடிக்கடி இரத்தம் எடுத்து, அது எத்தனை விநாடியில் உறைகிறது என்று பார்த்து அளவைத் திருத்துகிறார்கள். இரத்தத்தின் நீர்ப்பகுதியில் திராம்போபிளாஸ்டின் என்னும் பொருளைச் சேர்த்து விநாடிகளை எண்ணுவதே சோதனை. இப்பொருள் வெகுகாலம் விலங்குகளின் மூளை, நுரையீரல் முதலியவற்றிலிருந்து எடுக்கப்பட்டது. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அதன் நுட்பம் வேறுபட்டது. ஒரே இரத்தம் ஒரு புட்டியைக் கொண்டு சோதித்தால் இயல்பைவிட மூன்று மடங்கு நேரமும், மற்றொரு புட்டியைக் கொண்டு சோதித்தால் ஒன்றே முக்கால் மடங்கு நேரமும் எடுத்துக்கொள்ளக் கூடும். இரண்டையும் பார்க்கும் மருத்துவர் என்ன செய்வார்? ஒருவர் மாத்திரையைக் குறைப்பார், மற்றவர் கூட்டுவார். உண்மையிலேயே அவ்வாறு நடந்தது. அமெரிக்காவில் நுட்பம் குறைந்த பொருள் வழங்கியதால், இங்கிலாந்தில் அதே நோய்க்குக் கொடுத்ததைவிட மிகுதியான மருந்து கொடுக்கப்பட்டது. இரத்தக் கசிவும் மிகுதியாயிற்று.

இக்குழப்பத்தைத் தீர்த்தது புதிய மருந்தன்று, புதிய இயந்திரமும் அன்று. பல நாட்டுச் சோதனைச்சாலையினர் ஒன்றுகூடி, ஒரு பொது அளவுகோற் பொருளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தயாரிப்பின் நுட்பத்தையும் அதனோடு ஒப்பிட்டு ஓர் எண்ணாகக் குறித்தார்கள். விநாடிக் கணக்கை அவ்வெண்ணால் திருத்திவிட்டால் எந்த ஊரிலும் ஒரே விடை வரும். உலகச் சுகாதார ஸ்தாபனம் இம்முறையை 1983-இல் ஏற்றது. இன்று சீட்டில் ஐ.என்.ஆர். என்று அச்சிடப்படுவது இதுவே. தஞ்சாவூர் அம்மையார் மாதுங்காவுக்கு வந்து சேர்ந்த பிறகும் அவருடைய மாத்திரைக் கணக்கு தடுமாறாதிருப்பது, முன்பின் பார்த்திராத மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து செய்துகொண்ட உடன்படிக்கையின் பயன்.

சோதனைச்சாலைகள் தம்முள் ஒப்பிட்டுக்கொள்ளத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிடவில்லை. அமெரிக்காவில் பெல்க், சன்டர்மன் என்னும் இருவர் பல மருத்துவமனைச் சோதனைச்சாலைகளுக்கு ஒரே மாதிரியான கரைசல்களை அனுப்பி, வந்த விடைகளை 1947-இல் வெளியிட்டார்கள். ஏற்கத்தக்க விடைகளைவிட ஏற்கத்தகாதவையே மிகுதி! படித்தவர்கள் வெட்கினார்கள், அந்த வெட்கம் நல்ல வெட்கம். 1950-இல் லீவி, ஜென்னிங்ஸ் என்பவர்கள் ஆலைகளில் பொருளின் தரம் காக்கப் பயன்பட்ட கோட்டுப் படத்தை இரத்தச் சோதனைக்குக் கொண்டுவந்தார்கள். 1952-இல் பாரிஸ் நகரில் மருத்துவ இரசாயன அறிஞர்களின் சர்வதேசச் சம்மேளனத்துக்கு வித்திடப்பட்டது. ஆசிய, பசிபிக் நாட்டினர் 1979-இல் சிங்கப்பூரில் முதல் மகாநாடு கூட்டினர். 1982-இல் தமக்கென ஒரு சம்மேளனமும் கண்டனர். அதன் மகாநாடு 2002-இல் டில்லியிலும் 2019-இல் ஜெய்ப்பூரிலும் நடைபெற்றது. நம் நாட்டிலும் மருத்துவ உயிர்வேதியியலாருக்குச் சங்கம் உண்டு. ஆண்டுதோறும் வெவ்வேறு ஊரில் அது கூடுகிறது.

இச்சங்கத்தின் உறவோடு நடைபெறும் ஒரு பணியைத் தமிழர்கள் அறிந்திருக்க வேண்டும். வங்காளத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வைத்தியத்துக்காக வருவதை நீங்கள் இரயிலிலேயே கண்டிருப்பீர்கள். வேலூரிலிருந்து எதிர்த் திசையில் சத்தமின்றிச் செல்லும் பொருள் ஒன்றும் உண்டு. உறையச் செய்து உலர்த்திய சீரம் அடங்கிய சிறு புட்டிகள், நாட்டின் மூலைமுடுக்கிலுள்ள சோதனைச்சாலைகளுக்கு அங்கிருந்து அனுப்பப்படுகின்றன. அளவாக நீர் விட்டுக் கரைத்து, நோயாளியின் இரத்தத்தைப் போலவே சோதித்து, விடையை எழுதி அனுப்ப வேண்டும். அதே முறையைக் கையாளும் பிற கூடங்களின் விடைகளோடு ஒப்பிட்டு, நாம் எங்கே நிற்கிறோம் என்ற அறிக்கை திரும்பி வரும். நம்மைக் குறிப்பது ஓர் எண் மட்டுமே. ஆகையால் மானம் போகாது. மனச்சாட்சி மட்டும் உறுத்தும்.

இத்தகைய ஒப்பீடே போதாதா, மகாநாடும் பிரயாணமும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதில் நியாயமும் உண்டு. மகாநாட்டுச் சொற்பொழிவுகளில் பாதி, மதிய உணவுக்குப் பின் தூங்குவதற்கே ஏற்றவை. துணிப்பையையும் ஊர் சுற்றிப் பார்ப்பதையும் எண்ணியே வருகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். ஆயினும் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பிறகு நீங்கள் தீர்மானியுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் கூடத்தில், கால்சியம் குறைவு என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டுகள் அதிகமாகிவிட்டன என்று மருத்துவர்கள் முறையிட்டார்கள். நாங்கள் கோட்டுப் படத்தைக் காட்டினோம், குற்றம் இல்லை. வெளியிலிருந்து வந்த புட்டியின் அறிக்கையைக் காட்டினோம்; அதிலும் குற்றம் இல்லை. எங்களுக்கு இறுமாப்பு வந்துவிட்டது. அவ்வாண்டு மகாநாட்டில் தேநீர் வேளையில் இதை நான் ஒரு வேடிக்கையாகச் சொல்லப்போக, நாகபுரியிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் சிரிக்கவில்லை. உலர்ந்த சீரத்தை நம்பாதீர்கள். உங்கள் நோயாளிகள் இருபது பேரின் சீரத்தைப் பாதியாகப் பிரித்து எனக்கு அனுப்புங்கள் என்றார். பனிக்கட்டி நிரப்பிய பெட்டியில் இரயிலில் அனுப்பினோம். விடை வந்தது. கால்சியம் மட்டுமன்று, சர்க்கரை, புரதம், கொழுப்பு அனைத்திலும் எங்கள் எண் அவருடைய எண்ணைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு.

காரணம் ஒரு பிப்பெட். உலர்ந்த பொருளைக் கரைக்க 5 மில்லிலிட்டர் நீர் விடும் கருவி அது. அதன் பிஸ்டன் தேய்ந்து, நாலரையே விட்டுக்கொண்டிருந்தது. இயந்திரத்துக்கு அளவு கற்பிக்கும் சீரமும் அந்தப் பிப்பெட்டாலேயே கரைக்கப்பட்டது. அதைச் சரிபார்க்கும் சீரமும் அதனாலேயே கரைக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த புட்டியும் அப்படியே. மூன்றும் ஒரே விகிதத்தில் அடர்ந்து நின்றமையால் ஒன்றுக்கொன்று பொருந்தின. படியே குறைப்படியானால், அதே படியால் மறுமுறை அளந்து பார்ப்பதில் என்ன பயன்? நீர் விடாத நோயாளியின் இரத்தம் மட்டுமே உண்மையைச் சொல்லிற்று. அதை நாங்கள் நோய் என்று எழுதினோம்.

இதனால் நேர்ந்த கேடு சிறிதன்று. உண்ணாநிலையில் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்து, மறுசோதனையிலும் அவ்வாறே இருந்தால் நீரிழிவு என்பது விதி. 130 உடைய ஒருவருக்கு நாங்கள் 117 என்று எழுதி வீட்டுக்கு அனுப்பியிருப்போம். குறிப்பேட்டைப் புரட்டி ஏழு வாரத்துச் சீட்டுகளைத் திருத்தினோம்; சந்தேகத்துக்குரியவர்களுக்குக் கடிதம் எழுதினோம். பலர் வந்தார்கள். வராதவர்களில் பெரும்பாலோர் வெளிமாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்திருந்தவர்கள். குறிப்பேட்டில் அவர்கள் விலாசம் என்று இருந்தது ஒரு கட்டடத்தின் பெயர், கட்டடம் முடிந்துவிட்டிருந்தது.

அந்தத் தேநீர் வேளை இல்லையாயின் இன்னும் எத்தனை வாரம் சென்றிருக்குமோ! ஆகவே சங்கத்துக்குச் சந்தா கட்டுவதும் கூட்டத்துக்கு ஆளை அனுப்புவதும் வீண் செலவென்று கருதும் நிர்வாகிகளோடு நான் உடன்படுவதில்லை. சிற்றூர்களில் தனியொருவராய் நின்று சோதனை செய்பவர்களே இத்தகைய தோழமைக்கு முதல் உரிமை உடையவர்கள். அவர்களுக்கே விடுப்பும் கிடைப்பதில்லை, படிச்செலவும் கிடைப்பதில்லை.

இனி, நேயர்கள் தம்மளவில் செய்யக்கூடியவை. தொடர்ந்து பார்க்க வேண்டிய சோதனையை இயன்றவரை ஒரே கூடத்தில் செய்துகொள்ளுங்கள். ஊர் மாறினால், புதிய கூடத்தின் முதல் எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிட்டு நீங்களே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். தைராய்டுச் சுரப்பிச் சோதனை போன்றவற்றில் முறைக்கு முறை வேறுபாடு இன்றும் முற்றிலும் நீங்கவில்லை. எண்ணுக்கு அருகிலுள்ள அலகையும் பாருங்கள். மலேசியாவிலிருந்து வந்த உறவினர் தம் சர்க்கரை 7 என்றால் திடுக்கிட வேண்டாம். அங்கே மில்லிமோல் கணக்கு, நம் கணக்கில் அது 126. வெளி ஒப்பீட்டில் பங்கு கொள்கிறீர்களா என்று கூடத்தாரைக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல கூடத்தார் அக்கேள்விக்கு மகிழ்வார்கள். சிலர் அறிக்கையை எடுத்துக் காட்டவும் செய்வார்கள்.

பழுப்பு உறையை மட்டும் எறிந்துவிடாதீர்கள். புதிய மருத்துவரிடம் செல்லும்போது கடைசிச் சீட்டை மாத்திரம் நீட்டாமல், எல்லாச் சீட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கி, எந்த ஊரில் எந்தக் கூடத்தில் எடுத்தது என்பது தெரியுமாறு கொடுங்கள். ஐ.என்.ஆர். பார்ப்பவர்கள் அன்றன்று உட்கொண்ட மாத்திரையின் அளவையும் அருகிலேயே எழுதி வைப்பது நலம்.