எந்த ஊருடன் ஒப்பிடுவது?
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையின் படியேறாத குடும்பம் இன்று குடாநாட்டில் குறைவு. வைத்தியர்களாகிய எங்களிடம் பலரும் கேட்பது, "எங்கட ஊர்த் தண்ணியாலயோ டொக்டர் இது?" என்பதுதான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பேச்சு எழுந்தபின் இக்கேள்வி கூடிவிட்டது. பக்கத்து ஊரில் நோயாளர் குறைவு என்பதே பலருக்குப் போதிய சான்று. அது ஏன் போதாது என்பதை எலிகளைக் கொண்டு சொல்கிறோம்.

கேரளத்தில் சவறா, நீண்டகரைப் பக்கத்துக் கடற்கரை மணலில் மொனசைற்று உண்டு. அதிலுள்ள தோரியத்தால் அங்கே இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். எக்ஸ் கதிர் பரம்பரையலகில் விகாரத்தை உண்டாக்கும் என்று 1927 இலேயே ஹேர்மன் முல்லர் பழ ஈக்களில் காட்டியிருந்தார். அப்படியானால் தலைமுறை தலைமுறையாக அந்த மணற்கரையில் வாழும் எலிகள் மாறியிருக்க வேண்டுமே? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஹான்ஸ் குருனெபேர்க் குழுவினர் இதை ஆராய்ந்து 1966 இல் அறிக்கை வெளியிட்டனர்.

அவர்கள் எலிகளைப் பிடித்து எலும்பிலும் பல்லிலும் உள்ள சிறு வேறுபாடுகளைப் பார்த்தார்கள். கரையில் ஓரிடம், வெளியே ஓரிடம் என்று பிடித்திருந்தால் வேலை சுலபம். வித்தியாசமும் கிடைத்திருக்கும், பிழையான முடிவும் கிடைத்திருக்கும். எலி அதிக தூரம் போகாது. தன் ஊருக்குள்ளேயே பெருகும். ஆகவே கதிர்வீச்சே கூடாத இரு அயற்கிராமங்களின் எலிகளும் தமக்குள் வேறுபடும். அதனால் கரையிலும் பல ஊர்கள், வெளியிலும் பல ஊர்கள் எடுத்தார்கள். ஓர் ஊரில் நூறு எலி பிடித்தாலும் ஊர் ஒன்றுதான்! முடிவில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருந்தது. கதிர்வீச்சின் மேல் போடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கதிர்வீச்சு தீங்கற்றது என்பதல்ல இதன் பொருள். சிறு விளைவொன்று ஊர் வேறுபாட்டுக்குள் மறைந்தும் கிடக்கலாம்.

ஆய்வுகூடத்திலும் இதே கணக்குத்தான். மருந்து விகாரத்தை உண்டாக்குமோ என்று சோதிக்கையில், ஓர் எலியின் நாலாயிரம் கலங்களை எண்ணினாலும் அது ஓர் எலியே. எலிகளை எழுந்தமானமாகப் பிரிப்பார்கள். எது எந்தக் குழு என்று எண்ணுபவருக்குத் தெரியாமல் இலக்கமிடுவார்கள்.

எங்கள் ஊர்க் கதையோ எலிக்கதையிலும் சிக்கல். பிள்ளைகள் வெளிநாடு போக, முதியோரே மிஞ்சிய ஊரில் புற்றுநோய் கூடுதலாகத்தான் தெரியும். 1990 இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் எத்தனை ஊர்க் கிணறுகளில் தண்ணீர் குடித்தார்கள்! ஆகவே கிளினிக்கில் அம்மாவிடம் "எந்த ஊர்?" என்று கேட்டால், பிறந்த ஊரோடு நிறுத்தாமல், இருந்த ஊர்களையும் ஆண்டுகளையும் சொல்லச் சொல்லுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் தொலைபேசியிலாவது கேட்டு எழுதி அனுப்புங்கள்.