இட்டேரி வழியே, நாயின் பின்னே

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகத் தெற்கே காவிரிக் கரையிலுள்ள மோகனூர் வரை விரிந்து கிடக்கும் சமவெளி, வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே போதமலையும் கொல்லிமலையும் எல்லை கட்ட, நடுவே கஞ்சமலை, நைனாமலை போன்ற தனிமலைகள் எழுந்து நிற்க அமைந்திருக்கிறது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை ஒரே மாவட்டமாக இருந்த இந்நிலத்தைப் பேருந்துச் சன்னல் வழியே பார்ப்பவர் கண்ணில் கோழிப்பண்ணைகளும் மரவள்ளி வயல்களும் சவ்வரிசி ஆலைகளுமே படும். இங்குள்ள சிற்றுயிர்களைப் பார்க்க விரும்புபவர் தார்ச்சாலையை விட்டு இறங்கி, விடியற்காலையில், கூடுமானால் ஒரு நாயுடன், இட்டேரிக்குள் நடக்க வேண்டும்.

இட்டேரி என்பது இரண்டு தோட்டங்களின் வேலிகளுக்கு இடையே, ஒரு மாட்டுவண்டி போகும் அகலத்தில் செல்லும் மண்தடம். வேலி என்றால் கம்பிவேலி அன்று. கிளுவைக் குச்சிகளை வெட்டி நட்டு, அவை வேர்விட்டுத் தழைத்து முள்மரங்களாக நெருங்கி நிற்கும் உயிர்வேலி. அதனூடே கள்ளியும் சங்கஞ்செடியும் முளைத்திருக்க, மேலே பிரண்டையும் கோவையும் முடக்கத்தானும் படர்ந்திருக்க, இடைவெளிகளில் ஊஞ்சமரமும் வேம்பும் பனையும் நிமிர்ந்து நிற்கும். யாரும் உழாத, யாரும் மருந்தடிக்காத இந்தக் குறுகிய பட்டையில்தான் ஓணானும் அரணையும் கீரியும் சாரைப்பாம்பும் குடியிருக்கின்றன; மண்கரை செங்குத்தாக உள்ள இடங்களில் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன; தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைக் கிளறிக்கொண்டே வேலியோரமாக நகர்கின்றன.

இவ்வழியில் நாய் உடன்வருவது துணைக்கு மட்டுமன்று. மனிதர் கண்மட்டத்தில் பார்த்துக்கொண்டு நடக்க, நாய் தரைமட்டத்தில் மோந்துகொண்டு நடக்கிறது. அது நிற்கும் இடத்தில் தாமும் நின்று குனிந்து பார்ப்பவருக்கு, இரவில் முயல் கடந்த தடமும், கீரி விட்டுச்சென்ற எச்சமும், கௌதாரிகள் புழுதி குளித்த சிறு குழிகளும் தெரியவரும். நாய் மோப்பம் பிடிக்கும்போது உள்ளிழுத்த காற்றை மூக்குத்துளைகளின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே வெளியேற்றுவதால், வெளிவரும் மூச்சு எதிரே வரும் வாசனையைக் கலைப்பதில்லை. பனி படிந்த காலையில் ஈரத்தோடு வாசனை தரையை ஒட்டியே தங்குவதால், வெயில் ஏறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் அதற்கு மிகவும் உகந்தது.

நடை முடிந்து வீடு திரும்பிய நாயின் காலையும் வயிற்றையும் தடவிப் பார்த்தால் நாயுருவியின் முள்விதைகளும் ஒட்டுப்புல்லும் சிக்கியிருக்கும். ஓரிடத்தில் நின்று வாழும் செடி தன் விதையை வேறிடத்துக்கு அனுப்ப விலங்கின் மயிரைப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு இது. 1941இல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் என்ற பொறியாளர், மலைநடைக்குப் பின் தம் நாயின் மயிரில் ஒட்டியிருந்த இத்தகைய விதைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அவற்றின் கொக்கி அமைப்பைக் கண்டதிலிருந்துதான், இன்று செருப்பிலும் பையிலும் உள்ள வெல்குரோ ஒட்டுப்பட்டை பிறந்தது. அதே கையோடு நாயின் காதுமடலின் உட்புறத்தில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்துவிடுவதும் நல்லது.

இட்டேரி முடிந்து ஏரிக்கரையோ மேட்டாங்காடோ, அதாவது மழையை மட்டுமே நம்பியிருக்கும் புன்செய் நிலமோ, தொடங்கும் இடத்தில்தான் மிகுந்த கவனம் தேவைப்படுகிறது. ஆள்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. சரளைக்கற்களுக்கு நடுவே சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடுகிறது. மண்நிறத்தில் கரும்புள்ளிகளோடு இருக்கும் அம்முட்டைகள், இரண்டடி தொலைவில் நிற்பவர் கண்ணுக்கும் கல்லாகவே தோன்றும். நாயின் மூக்கு அப்படி ஏமாறுவதில்லை. நாய் நெருங்கினால் தாயும் தந்தையும் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தி அதை வேறுபக்கம் இழுக்க முயலும். அந்த நேரம் முழுதும் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. சித்திரை, வைகாசியில் முட்டையைக் குளிர்விப்பதற்காக இப்பறவைகள் ஏரிக்குச் சென்று வயிற்றிறகை நனைத்துக்கொண்டு வந்து அமர்வதைக் காணலாம். அவ்வளவு பாடுபட்டுக் காக்கும் கருவை, அவிழ்த்துவிட்ட ஒரு நாயின் விளையாட்டு அழித்துவிடக்கூடும். புதரடியில் முட்டையிடும் கௌதாரிக்கும் இதே ஆபத்து உண்டு. இனி, நாயை ஏவி முயலோ கௌதாரியோ பிடிப்பது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவிழ்த்துவிட்ட நாயைவிடப் பெரிய கேடு இட்டேரிகள் மறைவதுதான். பாதை அகலமாகித் தாராகும்போது கிளுவை வேலி முதலில் வெட்டப்படுகிறது. அதன் இடத்தில் கல்தூணும் முள்கம்பியும் வருகின்றன. கம்பியில் கரிச்சான் வந்து உட்காரும், ஆனால் அதனடியில் அரணைக்குச் சருகு இல்லை, பஞ்சுருட்டானுக்கு மண்கரை இல்லை. காப்புக்காடுகளுக்குத் தரப்படும் அக்கறையில் ஒரு சிறு பங்கேனும், எந்த வரைபடத்திலும் வனமென்று குறிக்கப்படாத இந்த வேலிகளுக்கும் தரப்பட வேண்டும்.

இச்சமவெளியில் நாயோடு நடப்பவர்கள், மாசிக் கடைசி முதல் ஆடி வரையுள்ள இனப்பெருக்கக் காலத்தில் ஏரிக்கரையிலும் தரிசிலும் நாயைக் கயிற்றில் பிடித்தே நடத்த வேண்டும். வேலியடியில் கண்ணாடிவிரியனும் இருப்பதால் அக்கயிறு நாயின் உயிரையும் காக்கும். தோட்டத்து ஓரத்தில் கிளுவை வேலி வைத்திருப்பவர்கள் அதை வெட்டாமல் விட்டுவைக்கட்டும்.