படியும் பொறுப்பும்



படை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் தோன்றுவன துப்பாக்கியும் பீரங்கியுந்தாம். ஆயினும் ஒரு கூட்டத்தைப் படையாக்குவது ஆயுதம் அன்று, ஒழுங்கேயாம். யார் சொல்ல யார் கேட்பது, காரியம் தவறினால் யார் பொறுப்பேற்பது என்ற இரண்டு வினாக்களுக்கும் முன்கூட்டியே விடை வகுத்துக்கொண்ட கூட்டத்தையே படை என்கிறோம். அந்த விடைதான் பதவிப் படிகளாக அமைகின்றது. ஜேர்மன் நாட்டுப் படையின் படிவரிசை எவ்வாறு அமைந்தது, எவ்வாறு சீர்கெட்டது, பின்னர் எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை இன்று கூற விரும்புகின்றேன். அதற்குமுன் நம் சொந்தக் கரையிலேயே இருந்த ஒரு படிவரிசையைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில், ஒருபுறம் களப்பும் மறுபுறம் பெருங்கடலுமாக நீண்டு கிடக்கும் நிலத்தில், எத்தாளை என்னும் ஊர் உண்டு. எத்தாளை போன்ற கரையோர ஊர்களில் வாழ்வோர்க்குப் படிவரிசை என்பது புதிய செய்தி அன்று. கரைவலை வளைக்கும் இடங்களில் சம்மாட்டி ஒருவர் இருப்பார். வலையும் தோணியும் அவருடையவை. வலை வெறுமையாக வந்தால் அந்த நட்டமும் அவருடையதே. கடலிற் செல்லும் தோணிக்குத் தண்டையல் ஒருவர் இருப்பார். காற்றும் நீரோட்டமும் அறிந்தவர் அவர் என்பதனாலேயே மற்றவர் அவர் சொற்கேட்டு நடப்பர். இங்கே பெயர் வேறு, வேலை வேறு அன்று. வேலை எதுவோ அதுவே பெயர்.

எத்தாளையிலிருந்து வடக்கே சென்றால் கற்பிட்டிக் கோட்டையைக் காணலாம். 1667ஆம் ஆண்டு முதல் 1676ஆம் ஆண்டு வரையில் ஒல்லாந்தர் அதனைக் கட்டினர். கண்டி மன்னனுடைய வாணிகம் புத்தளக் களப்பு வழியாக வெளியே செல்லாமல் தடுப்பது அவர்கள் கருத்து. 1795ஆம் ஆண்டில் அக்கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று.

போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் இத்தீவின் கரையோரங்களில் இருவகைப் படைகள் இருந்தன. ஒன்று ஐரோப்பியர் படை. மற்றது இந்நாட்டவரைக் கொண்ட லஸ்கரீன் படை. லஸ்கர் என்ற பாரசீகச் சொல் போர்த்துக்கேயர் நாவிற் புகுந்து லஸ்கரீன் ஆயிற்று. இவர்கள் பெரும்பாலும் பணச் சம்பளத்துக்காக அன்றி, அனுபவித்த நிலத்துக்கு ஈடாகவே சேவை செய்தவர்கள். லஸ்கரீனுக்கு மேலே கங்காணி, அவருக்கு மேலே ஆராய்ச்சி, பின்னர் முகாந்திரம், எல்லோர்க்கும் மேலே முதலியார் என அப்படையின் படிகள் உயர்ந்து சென்றன.

இப்பெயர்களின் பொருளைச் சற்று நோக்குங்கள். கண்ணால் நோக்கிக் காப்பவன் கண்காணி. முதலில் நிற்பவன் முதலி. அவனுக்கு மரியாதைப் பன்மை சேர்த்தால் முதலியார். ஆபத்து வரும்போதும் முதலில் நிற்க வேண்டியவன் அவனே என்பது அப்பெயரிலே அடங்கிய பொருள் எனலாம்.

அக்காலத்து ஒல்லாந்தக் கம்பனியின் படையிலே சேவித்தவர் அனைவரும் ஒல்லாந்தர் என்று எண்ணிவிடலாகாது. அவர்களுள் ஒரு பெரும் பங்கினர் ஜேர்மன் சிற்றரசுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளைஞர்கள். நூரன்பேர்க் நகரத்தவரான யோஹான் யாக்கோப் சார் என்பவர் அவர்களுள் ஒருவர். கம்பனிப் போர்வீரனாகக் கீழைநாடுகளிற் கழித்த பதினைந்து ஆண்டுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1662ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் இலங்கையிலும் போரிட்டவர். எனவே ஜேர்மன் போர்வீரனும் நம் நாட்டு லஸ்கரீனும் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரே கொடியின் கீழ் நடந்தவர்கள்.

இனி ஜேர்மன் படிவரிசைக்கு வருவோம். அங்கும் பெயர்கள் வேலைகளாகவே பிறந்தன. சாதாரண வீரனுக்கு அடுத்த படியில் இருப்பவன் கெஃப்ரைட்டர். விடுவிக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். அனுபவம் மிக்க வீரனைக் காவல் நிற்கும் கடமையிலிருந்து விடுவித்த பழைய வழக்கத்திலிருந்து அப்பெயர் வந்தது. ஃபெல்ட்வேபல் என்பவர் நம் சார்ஜன்டுக்கு ஒப்பானவர். நீதிமன்றச் சேவகனைக் குறித்த பழஞ்சொல் ஒன்று களத்துக்கு வந்து அப்பெயராயிற்று. லொய்ட்னன்ட் என்பது பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. தலைவன் இல்லாதபோது அவன் இடத்தை வகிப்பவன் என்பது பொருள். ஹவுப்ட்மன் என்பதைத் தமிழாக்கினால் தலைமகன் ஆகும். நம் முதலிக்கும் இந்த ஹவுப்ட்மனுக்கும் பொருளில் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்! ஓபர்ஸ்ட் என்றால் மேலானவன். எல்லாவற்றிலும் வியப்புக்குரியது மார்ஷல் என்ற சொல். பழைய ஜேர்மன் மொழியிலே குதிரை பேணும் பணியாள் என்பதே அதன் பொருள். இலாயத்திலே தொடங்கிய சொல் அரசவையின் உச்சிக்கு ஏறிவிட்டது.

சொல் ஏறிற்று. அதைச் சுமந்தவர்கள் தகுதியால் ஏறினார்களா என்பது வேறு கேள்வி. பிரசிய நாட்டிலே அதிகாரப் பதவிகள் பெரும்பாலும் பிரபு குலத்தார் வசமே இருந்தன. 1806ஆம் ஆண்டில் நெப்போலியன் அந்தப் படையை முறியடித்தபோது, பிறப்பு மட்டும் போரை வெல்லாது என்பது விளங்கிற்று. ஷார்ன்ஹோர்ஸ்ட் என்னும் படைத்தலைவர் சீர்திருத்தத்தில் முன்னின்றார். 1808ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஒரு விதி பிறந்தது. சமாதான காலத்தில் அறிவும் கல்வியும், போர்க்காலத்தில் வீரமும் விவேகமுமே அதிகாரிப் பதவிக்குத் தகுதி என்று அவ்விதி கூறிற்று. படி ஏறுவதற்குக் குலம் அன்று, தகுதியே ஏணி என்ற கொள்கை அன்று எழுத்திலே நின்றது.

தகுதியுடையோர் ஏறினாலும் போதாது, அவர்கள் யாருக்குப் பொறுப்பானவர்கள் என்பதும் சரியாக இருக்கவேண்டும். இதனை ஜேர்மனியர் இருபதாம் நூற்றாண்டிலே பெருவிலை கொடுத்துக் கற்றனர். 1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதல் ஜேர்மன் வீரர் நாட்டின்மீதோ சட்டத்தின்மீதோ ஆணையிடவில்லை. ஹிட்லர் என்ற தனிமனிதருக்குக் கீழ்ப்படிவதாகவே சத்தியம் செய்தனர். அன்றிலிருந்து அப்படிவரிசை முழுவதும் ஒருவர் கையில் நூற்பாவைகளாயிற்று. 1940ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19ஆந் தேதி, ஒரே நாளில் பன்னிருவரை ஃபீல்ட் மார்ஷல்களாக ஹிட்லர் உயர்த்தினார். பதவி அங்கே பணியின் பெயராக இருக்கவில்லை. விசுவாசத்தை வாங்கும் விலையாயிற்று.

அதனினும் கொடியது ஸ்டாலின்கிராடிலே நிகழ்ந்தது. பனியிலும் பசியிலும் ஆறாவது சேனை அழிந்துகொண்டிருந்தது. அதன் தலைவர் பவுலஸ். 1943ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் தேதி அவருக்கு ஃபீல்ட் மார்ஷல் பட்டம் அறிவிக்கப்பட்டது. உணவு வரவில்லை, மருந்து வரவில்லை, பட்டம் வந்தது! அந்த உயர்நிலையில் உள்ள ஜேர்மன் தளபதி எவரும் பகைவரிடம் சரணடைந்ததில்லை. ஆகவே பட்டம் பெற்றவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வார் என்ற எதிர்பார்ப்பு அதில் மறைந்திருந்தது. பவுலஸ் மறுநாளே சரணடைந்தார். மனிதனுக்குக் கொடுத்த உயர்வு அவன் கழுத்துக்குச் சுருக்காகவும் ஆகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே படையில் ஸ்டௌஃபன்பேர்க் என்னும் ஓபர்ஸ்ட் ஒருவர் இருந்தார். 1944ஆம் ஆண்டு ஜூலை 20ஆந் தேதி ஹிட்லரைக் கொல்ல முயன்று தோற்று, அன்றிரவே சுட்டுக் கொல்லப்பட்டார். கட்டளைக்குப் பணிவது வீரனின் அறம் என்றால் அவர் செய்தது துரோகம். தீயகட்டளையை மறுப்பதும் வீரனின் அறமே என்றால் அவர் செய்தது கடமை. போர் முடிந்தபின் புதுப்படை அமைக்க முனைந்தவர்கள் முன் நின்ற பெரும் வினா இதுவே.

மேற்கு ஜேர்மனியின் புதிய படையாகிய புண்டஸ்வேர் 1955ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் தேதி தோன்றிற்று. ஷார்ன்ஹோர்ஸ்ட் பிறந்த இருநூறாவது ஆண்டு நிறைவு நாள் அது. அன்று நியமனம் பெற்றோர் 101 பேர். இரு ஜேர்மனிகளும் 1990ஆம் ஆண்டில் ஒன்றான பின்னரும் இதுவே அந்நாட்டின் படையாக நிலைத்துள்ளது.

இதன் தரைப்படையிலே மூன்று பெரும் வகுப்புகள் உண்டு. முதலாவது சாதாரண வீரர் வகுப்பு. கெஃப்ரைட்டர் முதலான பல படிகள் இதில் அடங்கும். 2021ஆம் ஆண்டில் கோர்ப்பொரால் என்ற பழம்பெயரும் இவ்வகுப்பின் மேற்படியில் மீண்டும் இடம்பெற்றது. இரண்டாவது ஆணை பெறாத அதிகாரிகள் வகுப்பு. இது இரு பிரிவுகளாக உள்ளது. மேற்பிரிவினராகிய ஃபெல்ட்வேபல் வரிசையினரை வாட்குஞ்சம் உடையோர் என்று இன்றும் அழைப்பர். ஒருகாலத்தில் வாட்பிடியிலே குஞ்சம் கட்டும் உரிமை அவர்க்கு இருந்தமையே காரணம். வாள் போய்விட்டது, பெயர் இருக்கின்றது. மூன்றாவது ஆணை பெற்ற அதிகாரிகள் வகுப்பு. லொய்ட்னன்ட், ஓபர்லொய்ட்னன்ட், ஹவுப்ட்மன் ஒரு தொகுதி. மேஜர், ஓபர்ஸ்ட்லொய்ட்னன்ட், ஓபர்ஸ்ட் மற்றொரு தொகுதி. அதற்கு மேல் பிரிகேட்கெனரால், கெனரால்மயோர், கெனரால்லொய்ட்னன்ட், கெனரால் என நான்கு படிகள். அங்கே ஏணி முடிந்துவிடுகின்றது. பழைய படையிலே அதற்கும் மேலிருந்த கெனரால்ஓபர்ஸ்ட், ஃபீல்ட் மார்ஷல் என்னும் இரண்டு உச்சிப் படிகளையும் புதிய படை ஏற்கவில்லை. சமாதான காலத்தில் படையின் தலைமைக் கட்டளை பாதுகாப்பு அமைச்சரிடம் உண்டு. நாடு தாக்கப்பட்டால் அது பிரதம அமைச்சராகிய சான்சலரைச் சேரும். அதாவது, ஏணியின் உச்சிக்கு மேலே நிற்பவர் சீருடை அணியாத குடிமகன்.

ஏணியைக் குறுக்கியது சிறுகாரியம். அதன் உட்பொருளை மாற்றியதே பெருங்காரியம். 1956ஆம் ஆண்டின் படைவீரர் சட்டத்தில் இரண்டு விதிகள் மனங்கொள்ளத்தக்கவை. கட்டளையிடுபவர் தம் கட்டளைகளுக்குத் தாமே பொறுப்பாவார் என்பது ஒன்று. மனித மாண்பைக் கெடுக்கும் கட்டளைக்குப் பணியாதிருத்தல் குற்றமாகாது, குற்றச்செயலைப் புரியச் சொல்லும் கட்டளைக்குப் பணியவே கூடாது என்பது மற்றொன்று. பட்டையின் நிறத்தினால் மட்டும் எவரும் எங்கும் எவரையும் ஏவும் உரிமை பெறுவதில்லை. ஏவும் உரிமை பெரும்பாலும் அவரவர் வகிக்கும் பணியிலிருந்தே பிறக்கின்றது. இவையன்றி, வீரர்களின் குறைகேட்க நாடாளுமன்றம் ஓர் ஆணையாளரைத் தெரிவுசெய்கின்றது. கடைநிலை வீரனும் தன் மேலதிகாரிகளைத் தாண்டி அவருக்கு நேரே எழுதலாம். சீருடை அணிந்த குடிமகன் என்பதே அப்படை தன் வீரனுக்குத் தந்த இலக்கணம்.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் கரையின் படிவரிசையை மீண்டும் நோக்குவோம். ஆங்கிலேயர் ஆட்சியிலே லஸ்கரீன் படை மறைந்தது. ஆனால் படிகள் மறையவில்லை. முதலியார், முகாந்திரம், ஆராய்ச்சி என்பன ஆட்சிப் பதவிகளாகவும் பட்டங்களாகவும் மாறின. அவற்றைச் சிறப்பித்தவர்களும் உண்டு. 1807ஆம் ஆண்டில் கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி புத்தளத்தின் முதலியாராக விளங்கியவர். அவர் வாளேந்திப் பெயர் பெற்றவர் அல்லர், பேனாவேந்திப் பெயர் பெற்றவர். இலங்கையின் ஊர்களையும் மக்களையும் பற்றிய நூலை 1834ஆம் ஆண்டிலும், தமிழ்ப் புலவர் வரலாறாகிய தமிழ் புளூட்டாக்கை 1859ஆம் ஆண்டிலும் வெளியிட்டார். பட்டம் அவரிடத்தில் உழைப்பாக மாறிற்று. ஆனால் பொன்சரிகைச் சட்டையும் இடைவாளும் அணிந்து, மக்கள் ஒதுங்கி நிற்க நடந்து செல்வதே பதவியின் பயன் என்று எண்ணியோரும் உண்டு. கங்காணி என்ற சொல்லோ மலையகத் தோட்டங்களுக்கு ஏறிச் சென்றது. கண்ணாற் காக்க வேண்டியவன் பெயர், கடனாலும் அதட்டலாலும் தொழிலாளரைக் கட்டிவைத்தவன் பெயராகப் பல குடும்பங்களின் நினைவிலே பதிந்துவிட்டது.

இந்த மரபுக்கும் ஒரு திருத்தம் வந்தது. பெரிய தலைமைக்காரர் இருந்த இடத்திற் காரியாதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். 1963ஆம் ஆண்டில் கிராமத் தலைமைக்காரர் பதவியும் நீக்கப்பட்டுக் கிராம சேவகர் என்ற பெயர் வந்தது. தலைவன் என்ற சொல்லை எடுத்துவிட்டுச் சேவகன் என்ற சொல்லை வைத்தார்கள். ஜேர்மனியிலே போர்வீரனைக் குடிமகன் என்று அழைத்ததும், இங்கே ஊர்த்தலைவனைச் சேவகன் என்று அழைத்ததும் ஒரே பத்தாண்டுக்குள் நிகழ்ந்தவை என்பது எண்ணத்தக்கது. அப்பெயரும் பின்னாளில் உத்தியோகத்தர் என்று மாறிற்று.

பெயரை மாற்றினால் மனம் மாறிவிடுமா என்று கேட்பீர்கள். மாறிவிடாது. குதிரை பேணுபவன் என்ற பணிவான பெயரே மார்ஷல் ஆகி மமதை கொண்டதைப் பார்த்தோம். பெயரைப் பொறுப்போடு கட்டிவைக்கச் சட்டம் வேண்டும். சட்டத்தைக் காக்க, தவறான கட்டளை வரும்போது இது தகாது என்று சொல்லும் துணிவு கீழ்ப்படியில் நிற்பவனுக்கு வேண்டும். அவன் அவ்வாறு சொன்னால் கேட்கும் செவி மேற்படியில் நிற்பவனுக்கு வேண்டும்.

வலை வெறுமையாக வந்த நாளில் சம்மாட்டி கரையிலிருந்து முதலில் எழுந்து போய்விட்டால், மறுநாள் வலை இழுக்க ஆள் வராது. கரையோர மக்கள் நன்கு அறிந்த இந்த உண்மையைத்தான் ஒரு பெரிய நாட்டின் படை இரண்டு உலகப் போர்களுக்குப் பின்னர் சட்டமாக எழுதிக்கொண்டது.