சத்தமில்லாமல் வந்த பரிசு

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் சங்கத்தின் இசைக்குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



இன்று காலை கொடியேற்றத்தின்போது எமது கல்லூரிக் கீதத்தைக் கடைசி நான்கு அடிகளும் சேர்த்து முழுமையாகப் பாடினோம். இளையவர்கள் பலருக்கு அந்த அடிகள் புதியவை. மூத்தவர்கள் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டதையும் கண்டோம். அவை எப்படித் திரும்பி வந்தன என்று கேட்டவர்களுக்கு, இந்த மேசையில் கிடக்கும் சின்னஞ்சிறு கீபோட்டைக் காட்டினோம். அதன் கதையைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறோம். அந்தக் கதையில் எமது தவறும் ஒன்று இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்வோம்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது மண்டபத்தில் விட்டுப்போன பியானோவை, திரும்பி வந்தபோது கறையான் தின்ற மரச்சட்டமாகவே கண்டோம். ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்திருந்தது. அதன் பிறகு சங்கீத அறையில் சுருதிப்பெட்டியும் இரண்டு வீணைகளும்தான். கல்லூரிக் கீதம் காதால் கேட்டு வாயால் பாடி ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போனது. கடைசி நான்கு அடிகளுக்கு மெட்டு வேறு, சற்றுக் கடினமானது. நேரம் போதாது என்று காலைக் கூட்டத்தில் அதை விட்டோம். பிறகு பரிசளிப்பு விழாவிலும் விட்டோம். ஒரு தலைமுறை கழிந்ததும் சொற்கள் மட்டும் அச்சில் இருந்தன, மெட்டு இல்லை.

இந்த நிலையில்தான் வெளிநாட்டில் வாழும் எமது வகுப்புத் தோழிகள் சிலர் பணம் சேர்த்து இந்தக் கீபோட்டை அனுப்பினார்கள். நீளம் ஓரடிக்குச் சற்றுக் கூட. 15 வெள்ளைக் கட்டைகள், 10 கறுப்புக் கட்டைகள், ஆக 25. இரண்டு ஸ்தாயி அகலம். ஆவலோடு கைத்தொலைபேசி சார்ஜரில் கொழுவினோம். விளக்கு எரிந்தது. கட்டைகளை அழுத்தினோம். ஒரு சத்தமும் இல்லை. மாறி மாறி அழுத்திப் பார்த்தோம். “பாவம், வழியிலே பழுதாகிப்போச்சு” என்று முடிவு கட்டினோம். அனுப்பியவர்களின் மனம் நோகக்கூடாது என்று நன்றிக் கடிதம் மட்டும் எழுதிவிட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். பதினான்கு மாதம் அது அங்கேயே இருந்தது. அவர்களோ பிள்ளைகள் வாசிக்கும் படமொன்று வரும் என்று பார்த்திருந்தார்கள். படம் வராதபோது, தங்கள் பரிசை நாங்கள் மதிக்கவில்லை என்று எண்ணியிருக்கிறார்கள். இதைப் பின்னர்தான் அறிந்தோம். கேட்க எங்களுக்கு வெட்கம்; கேட்க அவர்களுக்குத் தயக்கம்.

அலுமாரி துப்புரவாக்க வந்த உயர்தர வகுப்பு மாணவி ஒருத்திதான் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ரீச்சர், இது பழுதில்லை. இதுக்குச் சொந்தமாய்ச் சத்தம் இல்லை.”

அவள் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறோம். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் காற்றுப் புகுந்து ரீட் அதிரும். சத்தம் அதற்குள்ளேயே பிறக்கும். இந்த வகைக் கீபோட்டிலோ எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்தி மட்டும் கம்பி வழியே கணினிக்குப் போகிறது. கணினியில் உள்ள மென்பொருள் அந்தச் செய்தியை வாங்கி, பியானோவாகவோ புல்லாங்குழலாகவோ ஒலிக்கச் செய்கிறது. இந்தச் செய்தி மொழிக்கு மிடி என்று பெயர். 1983இல் வேறு வேறு கம்பனிகளின் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்காகப் பொதுவாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் அதில் ஓர் எண் உண்டு. பியானோக்காரர் நடு ‘சி’ என்று சொல்லும் எமது ஒரு கட்டைச் சுருதிக்கு எண் 60.

ஆகவே, இப்படியொன்று வீட்டில் சும்மா கிடந்தால், எறிந்துவிடாதீர்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

முதலாவது, சார்ஜரில் அல்ல, கணினியின் யூ.எஸ்.பி. துவாரத்தில் நேரே கொழுவுங்கள். மின்சாரமும் அதிலிருந்தே கிடைக்கும். பெரும்பாலானவற்றுக்கு வேறு மென்பொருள் ஏற்றாமலே கணினி அடையாளம் கண்டுகொள்ளும்.

இரண்டாவது, வயரைக் கவனியுங்கள். சில வயர்கள் மின்சாரத்தை மட்டுமே கடத்தும், தரவைக் கடத்தா. விளக்கு எரியும், கணினிக்கோ ஒன்றும் தெரியாது. பெட்டியோடு வந்த வயரைத் தொலைத்துவிட்டு இதனால் ஒரு நாள் முழுக்க மினக்கெட்டோம்.

மூன்றாவது, கீபோட்டைக் கொழுவிய பிறகு மென்பொருளைத் திறவுங்கள். சில மென்பொருள்கள் திறக்கும்போது மட்டுமே கருவிகளைத் தேடும். பிறகு அமைப்புப் பகுதியில் மிடி உள்ளீடாக அதன் பெயரைத் தெரிவு செய்ய வேண்டும். நாங்கள் பாவித்தது மியூஸ்கோர் என்னும் இலவச மென்பொருள். அப்பிள் கணினி உள்ளவர்களுக்கு கராஜ்பாண்ட் இலவசமாகவே கிடைக்கிறது.

நான்காவது, சத்தம் திடீரென்று கீச்சென்று மேலே போனாலோ கீழே இறங்கினாலோ பயப்பட வேண்டாம். இரண்டு ஸ்தாயிக்கு மேல் இடமில்லாதபடியால், மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் மாற்ற இரண்டு பொத்தான்கள் உண்டு. தெரியாமல் கைபட்டிருக்கும். மற்றப் பொத்தானை அழுத்தித் திரும்பி வரலாம்.

ஐந்தாவது, கட்டையை அழுத்திச் சற்றுப் பிந்திச் சத்தம் வந்தால், முதலில் புளூடூத் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு வயர் உள்ளதைப் போடுங்கள். பிறகும் பிந்தினால் மென்பொருளின் ஒலி அமைப்பில் பஃபர் என்ற அளவைக் குறையுங்கள். 512இலிருந்து 128க்குக் குறைத்தால் அந்த இடத்துத் தாமதம் ஏறக்குறைய 12 மில்லிசெக்கனிலிருந்து 3 ஆகக் குறையும். மிகவும் குறைத்தால் சத்தம் வெடித்து வெடித்து வரும்; அப்போது ஒரு படி கூட்டிவிடுங்கள்.

இவ்வளவும் சரிவந்த பின்புதான் எமது முன்னாள் சங்கீத ஆசிரியையை நினைத்தோம். கடைசி நான்கு அடிகளின் மெட்டை முழுதாக அறிந்தவர் எங்களுக்குத் தெரிந்த அளவில் அவர் ஒருவரே. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, குரல் நடுங்கும், விரல்களில் வாதம். மடிக்கணினியோடு அவர் வீட்டுக்குப் போனோம். பார்த்ததும் சிரித்தார். “இது என்ன, பிள்ளைகளின்ரை விளையாட்டுச் சாமானே?” என்றார். பிறகு நியாயமான கேள்வியொன்றும் கேட்டார்: “இதிலை கமகம் வருமோ?”

வராது என்றே சொன்னோம். கட்டைக்குக் கட்டை தாவும் கருவி இது. வீணையைப் போல ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகாது. ஆர்மோனியத்தின் மேல் இருந்த அதே குறைதான். பக்கத்தில் உள்ள சக்கரத்தைத் திருப்பிச் சுரத்தை வளைக்கலாம். ஆனால் அது கமகம் ஆகாது. ரீச்சர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப இது எலும்பைத் தரட்டும், சதையை நான் சொல்லித் தாறன்” என்றார்.

மூன்று பின்னேரங்கள் வேலை நடந்தது. மாணவி திரையில் சுரத்தின் கால அளவைத் தெரிவு செய்வாள். ரீச்சர் ஒற்றை விரலால் கட்டையை அழுத்துவார். சுரம் திரையில் எழுதப்படும். அவசரம் தேவையில்லை. அடுத்த சுரம் நினைவுக்கு வரும்வரை கணினி காத்திருக்கும். இரண்டாம் நாள் மூன்றாவது அடியில் நின்றுவிட்டார். கண்களை மூடினார். நாங்கள் மூச்சு விடவும் பயந்தோம். பத்து நிமிடம் கழித்து விரல் தானாகக் கட்டைக்குப் போனது. அன்று அந்த விரல் போகாதிருந்தால் இன்று காலை நாம் பாடியிருக்க மாட்டோம்.

மெட்டு முழுவதும் சில கிலோபைட் அளவான ஒரு சிறு மிடி கோப்பில் அடங்கியது. சத்தம் அல்ல, குறிப்பு மட்டும் என்பதால்தான் அவ்வளவு சிறிது. அதையும், ரீச்சர் கமகத்தோடு பாடிக் காட்டிய குரற்பதிவையும் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் அனுப்பினோம். குறிப்பாக இருப்பதில் இன்னொரு நன்மை உண்டு. மாணவிகள் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார்கள். எங்களில் பலருக்குக் குரல் இறங்கிவிட்டது. நாலு கட்டைதான் வசதி. ஒரே கோப்பை மூன்று அரைச்சுரம் இறக்கினால் எங்களுக்குச் சரி. வேகத்தைக் குறைத்தாலும் சுருதி மாறாது. பழைய கசெற்றில் வேகத்தைக் குறைத்தால் குரலும் சேர்ந்து இறங்கியதை நினைவு வைத்திருப்பீர்கள்.

சூம் வழியாக எல்லோரும் ஒன்றாகப் பாடிப் பார்த்தோம், அது தோல்வி. ஒருவர் குரல் மற்றவருக்குப் பிந்தி வர, ஒரு கீதம் பத்துக் கீதமாகியது. ஆகவே அவரவர் வீட்டில் காதில் கோப்பைக் கேட்டபடி தனித்தனியே பழகினோம். நேற்று மாலை ஒத்திகையில்தான் முதன்முதலாக ஒன்றாகப் பாடினோம். கீபோட்டை அனுப்பிய தோழிகளும் அந்த வரிசையில் நின்றார்கள். பதினான்கு மாத மௌனத்துக்கு அவர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்டோம். “எழுதியிருந்தால் அண்டைக்கே சொல்லியிருப்பமே” என்றார்கள். உண்மைதான்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கல்லூரிக்கு ஒரு கருவியை அனுப்பும்போது, அதைப் பாவிக்கப் பழக்குவதற்கு ஒரு மணி நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். தொலைபேசியில் என்றாலும் போதும். பெற்றுக்கொள்ளும் நாங்கள், விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று கேட்போம். நன்றிக் கடிதத்தால் அதை மூடி மறைக்க மாட்டோம். உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிலுள்ள பழைய விளையாட்டுப் போட்டிப் பாடல்கள், இல்லப் பாடல்கள், வழிபாட்டுப் பாடல்கள் இருக்கும். இன்று மதியம் சங்கீத அறைக்கு வாருங்கள். கீபோட் கொழுவியபடி இருக்கும். மாணவி திரைக்கு முன் இருப்பாள். ஒற்றை விரல் போதும்.

ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். இந்த உரை நீண்டுவிட்டது என்று அவர் முகம் சொல்கிறது. ஆகவே நிறுத்திக்கொள்கிறோம்.